எந்த ஊசி, எனக்கா, எந்த மாதத்தில்?
ஓய்வூதியர் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்



நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலருடைய பிள்ளைகளுக்கு முத்தடுப்பு ஊசி போட்டது இந்தக் கைதான். அந்த உரிமையில்தான் மாதக் கூட்டம் முடிந்ததும் என்னை நிறுத்திக் கேட்கிறீர்கள். "சிஸ்டர், டாக்டர் நிமோனியா ஊசி போடச் சொல்றார், போடலாமா?" "கொரோனாவுக்கே மூணு போட்டாச்சு, இன்னும் எதுக்கு?" "வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டா உடம்பு தாங்குமா?" வாசலில் நின்றபடி சொல்கிற பதிலில் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

ஊசி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. எந்த ஊசி, என் வயதுக்கும் என் நோய்க்கும் அது வேண்டுமா, எந்த மாதத்தில் போட வேண்டும் என்று பிரித்துக் கேளுங்கள். அப்படிக் கேட்டால் பயமும் ஓர் அளவுக்குள் வந்துவிடும், முடிவும் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

பயத்திலிருந்தே தொடங்குகிறேன். அது சும்மா வந்த பயமில்லை. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவேக்சின் போட்டுக்கொண்டார். மக்கள் தயங்கக் கூடாது என்றுதான் எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொண்டார். மறுநாள் மயங்கி விழுந்தார், 17ஆம் தேதி அதிகாலையில் இறந்துபோனார். தமிழ்நாடே கலங்கியது. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்ததாகச் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அந்த மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. மரணச் செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் அந்த முடிவு போய்ச் சேரவில்லை.

நம் வயதில் மாரடைப்பும் பக்கவாதமும் ஊசியே இல்லாத காலத்திலும் அன்றாடம் வந்தவைதான். சில மாதங்களுக்குள் கோடிக்கணக்கான பெரியவர்களுக்கு ஊசி போடும்போது, எப்படியும் வரவேண்டியிருந்த மாரடைப்புகளில் சில, ஊசி போட்ட மறுநாளோ மறுவாரமோ வந்தே தீரும். ஊசிதான் காரணமா என்று தெரிய வேண்டுமானால் போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். இளவயதில் திடீரென இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகள் வழியாக அப்படித்தான் எண்ணிப் பார்த்தது. 18 முதல் 45 வயது வரையுள்ளவர்களிடம் செய்த அந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. கொரோனா தடுப்பூசி திடீர் மரண அபாயத்தைக் கூட்டவில்லை. கொரோனாவுக்காக மருத்துவமனையில் கிடந்தது, குடும்பத்தில் முன்பே அப்படி ஒரு மரணம் நடந்திருந்தது, இறப்பதற்குச் சற்று முன் அளவு மீறிக் குடித்தது, கடும் உடலுழைப்பு ஆகியவையே அபாயத்தோடு சேர்ந்து வந்தன.

அதற்காகப் பின்விளைவே கிடையாது என்று நான் சொல்ல மாட்டேன். கோவிஷீல்டு போட்டவர்களில் மிக அரிதாகச் சிலருக்கு ரத்தம் உறைந்து தட்டணுக்கள் குறையும் ஆபத்து வந்தது உண்மை. நம் நாட்டுத் தேசியக் குழு 2021 மே மாதம் வெளியிட்ட கணக்கின்படி, ரத்தம் உறைதல், கசிதல் தொடர்பாகப் பதிவானவை 10 லட்சம் தவணைக்கு 0.61. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இது கூடுதலாக இருந்தது. அந்த இரண்டு நாடுகளும் என்ன செய்தன என்று பாருங்கள். ஆபத்து இளையவர்களிடம் அதிகம் தெரிந்தது. அதனால் பிரிட்டன் 40 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வேறு ஊசி கொடுத்தது. ஜெர்மனி இதைப் பொதுவாக 60 தாண்டியவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியது. கொரோனா வந்தால் சாகும் வாய்ப்பு பெரியவர்களுக்கு மிக அதிகம், உறைதல் ஆபத்தோ மிகக் குறைவு. ஒரே ஊசிக்கு இருபத்தைந்து வயதில் ஒரு பதில், எழுபது வயதில் வேறொரு பதில். "எனக்கா?" என்று கேளுங்கள் என நான் சொல்வதன் பொருள் இதுதான்.

இன்னொன்று. அந்த உறைதல் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. 2021இல் கோவிஷீல்டு போட்டவர் 2024இல் இதைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்தி பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டியதில்லை. இப்போதும் வேண்டியதில்லை.

இடைவெளியை மாற்றிக்கொண்டே போனார்களே என்ற மனத்தாங்கலும் உங்களிடம் இருக்கிறது. கோவிஷீல்டின் இரண்டாம் தவணைக்கு முதலில் 4 முதல் 6 வாரம் என்றார்கள், 2021 மார்ச்சில் 6 முதல் 8 ஆனது, மே மாதத்தில் 12 முதல் 16 ஆனது. மூன்றாவதான முன்னெச்சரிக்கைத் தவணைக்கு ஒன்பது மாதம் என்றிருந்ததை 2022 ஜூலையில் ஆறு மாதமாகக் குறைத்தார்கள். ஒரு பக்கம் இடைவெளி கூடினால் எதிர்ப்பு நன்றாக உருவாகிறது என்ற சான்று வந்துகொண்டிருந்தது, மறு பக்கம் அந்த மே மாதத்தில் ஊசிக்கே தட்டுப்பாடு. இரண்டையும் மக்களிடம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் சந்தேகம் இவ்வளவு வளர்ந்திருக்காது. ஆனால் கொரோனா காலத்தில் பட்ட அவநம்பிக்கையை, பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் பெரியவர்களுக்குப் போட்டுவரும் ஃப்ளூ ஊசி மீதும் நிமோனியா ஊசி மீதும் ஏற்றிவிடாதீர்கள். அவற்றின் கணக்கு வேறு.

சாதாரணமாக என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். கை வலி, ஊசி போட்ட இடத்தில் வீக்கம், உடம்பு அசதி, லேசான காய்ச்சல். ஓரிரு நாளில் தணியும். இளையவர்களைவிட நமக்கு இந்தத் தொந்தரவு பொதுவாகக் குறைவாகவே வரும். வயது ஏற ஏற எதிர்ப்பு மண்டலம் மெதுவாக வேலை செய்கிறது, அதனால் காய்ச்சலும் அடங்கியே வருகிறது. எதிர்ப்பு சீக்கிரம் தேய்ந்துபோவதற்கும், மறுபடி மறுபடி ஊக்கத் தவணை தேவைப்படுவதற்கும் காரணம் அதே மந்தம்தான். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போதும். வருமுன்பே விழுங்கி வைக்க வேண்டாம். குளிக்கலாம், வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடலாம். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. காய்ச்சல் இருக்கும் நாளில் சர்க்கரை சற்று ஏறலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஊசிக்காக அதை நிறுத்த வேண்டாம். போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மெல்லிய ஊசியில் போட்டு, அந்த இடத்தைத் தேய்க்காமல் இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடிப்பார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட அக்காமார் அந்தப் பக்கத்துக் கையைக் கொடுக்க வேண்டாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அதற்கான கையைக் கொடுக்க வேண்டாம்.

ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது சம்பிரதாயத்துக்கு அல்ல. கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும். மூச்சுத் திணறல், முகமோ உதடோ வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, தலை கிறுகிறுத்து விழுவது, இவற்றில் எது வந்தாலும் அங்கேயே அட்ரினலின் போட்டுக் காப்பாற்றிவிடலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போகாதீர்கள். வீட்டுக்கு வந்தபின் வரும் நாட்களில் கால் மரத்து, பலம் குறைந்து, அந்தத் தளர்ச்சி மேலே ஏறினால் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கில்லன் பாரே என்னும் நரம்புப் பாதிப்பு அப்படித்தான் தொடங்கும். ஃப்ளூ ஊசியில் 10 லட்சம் தவணைக்கு ஒன்றோ இரண்டோ, அக்கி ஊசியில் சுமார் மூன்று என்பது அதன் கணக்கு. அரிது, ஆனாலும் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும். ஃப்ளூ காய்ச்சலே அதே பாதிப்பைக் கொண்டுவரக்கூடியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி எந்த ஊசி என்ற கேள்வி.

முதலில் ஃப்ளூ. கிருமி ஆண்டுதோறும் உரு மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அடுத்த பருவத்துக்கான ஊசியில் எந்தெந்த வகைகள் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதனால்தான் சென்ற ஆண்டு ஊசி இந்த ஆண்டுக்கு ஆகாது. கிருமியோடு நன்றாகப் பொருந்திய ஆண்டில் நோய் வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும், நம் வயதில் அதைவிடக் குறையலாம். பிறகு எதற்கு என்பீர்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஃப்ளூ உறுதியானவர்களுக்கு அடுத்த ஏழு நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்காக உயர்ந்திருந்தது. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர், பைபாஸ் செய்துகொண்டவர், ஆஸ்துமாவோ சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் நம் சங்கத்தில் எத்தனை பேர்? ஊசி அவர்களுக்குச் சளியைத் தடுக்கிறது என்பதைவிட, ஆஸ்பத்திரிப் படுக்கையைத் தடுக்கிறது என்பதே பெரிது.

அடுத்து நிமோனியா ஊசி. நியூமோகாக்கஸ் என்ற ஒரு கிருமிக்கு எதிரானது, எல்லா நிமோனியாவுக்கும் அல்ல. நெதர்லாந்தில் 65 வயது தாண்டிய 84,496 பேரிடம் செய்த ஆய்வில், ஊசியில் அடங்கிய கிருமி வகைகளால் வரும் நிமோனியா 46 சதவீதம் அளவுக்கும், அதே வகைகள் ரத்தத்துக்குள் பரவும் கொடிய நோய் 75 சதவீதமும் குறைந்தன. இதை ஆண்டுதோறும் போட வேண்டியதில்லை. 20 வகைகளைத் தடுக்கும் ஊசி என்றால் ஒரே தவணை. 13 வகை ஊசி என்றால், பொதுவாக ஓராண்டு கழித்து 23 வகை ஊசி ஒன்று. போட்டது எந்த வகை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "ஏதோ நிமோனியா ஊசி போட்டேன்" என்று சொன்னால் அடுத்த டாக்டருக்கு ஒன்றும் விளங்காது.

அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் ஒளிந்திருந்து, வயதானபின் கொப்புளமாக வெடிப்பது. வேளார் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், மனதுக்கு ஆறுதல். ஆனால் கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் கிருமிக்கு எதிரான மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும், அதைத் தவறவிடாதீர்கள். கொப்புளம் ஆறியபிறகும் மாதக்கணக்கில் எரிகிற நரம்பு வலிதான் இந்த நோயின் கொடுமை. 50 வயது தாண்டியவர்களுக்கான ஊசி 2023இல் நம் நாட்டுக்கு வந்தது. இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. எழுபது தாண்டியவர்களிடமும் சுமார் 90 சதவீதம் பலன் தெரிந்தது. நான் இங்கே சொல்லும் ஊசிகளில் உடம்பை அதிகம் படுத்துவது இதுதான். ஆறில் ஒருவருக்கு ஓரிரு நாள் அன்றாட வேலை செய்ய முடியாத அளவுக்கு அசதியோ காய்ச்சலோ வரும். முதல் தவணையில் அப்படி ஆகிவிட்டதே என்று இரண்டாவதை விட்டுவிட்டால் முழுப் பலன் கிடைக்காது.

கொரோனாவுக்கு இன்று இன்னொரு தவணை வேண்டுமா? எல்லோரும் ஓடிப்போய்ப் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். 2021இலும் 2022இலும் நாம் போட்டுக்கொண்டவை தொற்றின் தொடக்கக் காலத்தில் பரவிய கிருமியை வைத்துச் செய்தவை. அதன்பின் ஊசியாலும் நோயாலும் நமக்கு ஓரளவு எதிர்ப்பு இருக்கிறது. மிக முதியவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், நீண்ட நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் தங்கள் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். அமெரிக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ பிள்ளைகளிடம் போகிறவர்கள், பிற்கால வகைகளுக்கேற்பப் புதுப்பித்த ஊசி அங்கே கிடைக்கும் என்பதால் போனதும் விசாரித்துக்கொள்ளுங்கள். அண்மையில்தான் கொரோனா வந்து போனதென்றால் மூன்று மாதம் வரை பொறுக்கலாம்.

எந்த மாதம்? நம் நாட்டின் பல நகரங்களில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்துக்குப் போகிறது. ஆனால் சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில் உச்சம் என்று கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. நம் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஊசி போட்டு எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும், சில மாதங்களில் அது தேயவும் தொடங்கும். ஆகவே நமக்கு ஏற்றது ஆவணிக் கடைசி, புரட்டாசி முற்பாதி. ஐப்பசி அடைமழையில் கூரை ஏறி ஓடு மாற்ற முடியாது. மருந்துப் பெட்டியில் எந்த ஆண்டுக்குரியது என்று அச்சிட்டிருக்கும், படித்துப் பார்த்து, கிடைப்பதில் புதியதைக் கேளுங்கள். புரட்டாசி தப்பிவிட்டால் விட்டுவிடாதீர்கள், தாமதமாகப் போட்டாலும் பயன் உண்டு. நிமோனியா, அக்கி ஊசிகளுக்குப் பருவம் கிடையாது, உடம்பு நன்றாக இருக்கும் எந்த மாதமும் போடலாம்.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் கல்யாணமோ நீண்ட பயணமோ வேண்டாம். மூட்டு மாற்று அறுவைக்கு முந்தின நாள் வேண்டாம், காய்ச்சல் வந்தால் எதனால் என்று குழப்பம் வரும். கீமோதெரபியோ எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ தொடங்கப் போகிறவர்கள் முடிந்தால் இரண்டு வாரமாவது முன்னால் போட்டுவிடுங்கள். லேசான சளிக்காகத் தள்ளிப் போட வேண்டாம், கடும் காய்ச்சல் என்றால் குணமானபின் போடலாம். ஃப்ளூ, நிமோனியா ஊசிகளை ஒரே நாளில் இரண்டு கைகளில் போடலாம். அசதிக்கு அஞ்சுபவர்கள் வேறு வேறு நாளில் போட்டுக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவர்கள் அன்றிரவு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும்படி பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.

மெடிக்கலில் ஊசி வாங்கி டாக்டரிடம் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் பையில் போட்டுச் சுற்றினால் கெடும், ஃப்ரீசரில் வைத்து உறைந்தாலும் கெடும். ஐஸ் பேக்கோடு வாங்கி நேராகப் போங்கள்.

பணம் பெரிய தடை என்பது எனக்குத் தெரியும். ஃப்ளூ ஊசி ஆயிரம் ரூபாய்க்கு மேல், நிமோனியா ஊசி அதைவிட அதிகம், அக்கி ஊசி ஒரு தவணையே பல ஆயிரம். நமக்கு வரும் மருத்துவப்படி மாத்திரைக்கே போதவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் போட முடியாதென்றால், இதயம், நுரையீரல், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஃப்ளூவையும் நிமோனியாவையும் முதலில் வையுங்கள். அக்கி ஊசி அதற்குப்பின். அண்ணன்மாரே, வீட்டில் ஒருவருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ஓய்வூதியம் யார் பெயரில் வருகிறது என்று பார்க்காதீர்கள். யாருக்கு நோய் அதிகம், யாருக்கு வயது அதிகம் என்று பாருங்கள். கணவருக்கு எல்லா ஊசியும் போட்டு, தனக்கு ஒன்றுகூடப் போடாத அக்காமாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படுத்தால் வீட்டில் இரண்டு பேர் படுத்த மாதிரி.

இதில் அரசின் கடமையும் உண்டு. நியூமோகாக்கஸ் ஊசி 2021 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதே கிருமியால் சாகக்கூடிய தாத்தாவும் பாட்டியும் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்த ஊழியரின் பதிவேட்டில் ஃப்ளூ, நிமோனியா ஊசிக்கும் ஒரு இடம் இருக்கட்டும். நாட்பட்ட நோயுள்ள 60 தாண்டியவர்களுக்கு இந்த இரண்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட வேண்டும் என்று நம் சங்கம் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். அகவிலைப்படிக்குக் குரல் கொடுக்கத் தெரிந்த நமக்கு இதற்கும் கொடுக்கத் தெரியும்.

எல்லாம் கேட்டபின்னும் வேண்டாம் என்று முடிவு செய்கிறவரை நான் குறை சொல்ல மாட்டேன், அது அவர் உடம்பு. உங்கள் நோய்களை அறிந்த டாக்டரிடம் பேசிவிட்டு அந்த முடிவை எடுங்கள் என்பதே என் வேண்டுகோள். வாட்ஸ்அப்பில் வந்த ஒலிப்பதிவுக்கு உங்கள் பிரஷர் தெரியாது, உங்கள் இதயத்தில் ஸ்டென்ட் இருப்பதும் தெரியாது.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் வயது, நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள், முன்பு எந்த மருந்துக்காவது ஒவ்வாமை வந்ததா, கடைசியாக எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று எழுதுங்கள். டாக்டரிடம் நீட்டி, "எந்த ஊசி, எனக்கு வேண்டுமா, எப்போது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் மாதத்தை அதே தாளில் குறித்து, நகல் ஒன்றை வீட்டில் உள்ளவரிடம் கொடுங்கள். எழுதக் கண் தெரியாதவர்கள் அடுத்த கூட்டத்துக்கு அரை மணி முன்னதாக வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

உங்கள் நலம் விரும்பும்,
சங்கத்தில் உங்களோடு ஒருத்தியான ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்